ருசியாக இருந்ததுதான் தப்பு

அத்தியாயம் 3

ஹெல்வியின் துப்பறியும் அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு என்று இருந்தது ஒரே ஒரு நாற்காலி. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த பெண் அந்த நாற்காலியைப் பார்த்தாள். கைப்பிடிகளைப் பார்த்தாள். பிறகு, "நான் நின்னுக்கிட்டே பேசிடறேன்" என்றாள்.

ஹெல்வி எழுந்தாள். சன்னலோரம் பூந்தொட்டிகள் இருந்த நீள பெஞ்சைக் காலி செய்து இழுத்து வந்து போட்டாள். தொட்டிகளைத் தூக்கிக் கைப்பிடி நாற்காலியில் அடுக்கினாள்.

"இனிமே அதுங்கதான் நம்ம வாடிக்கையாளர்" என்றான் உதவியாளன் தூரே. "கேட்டா பதில் சொல்லாது, ஃபீஸும் தராது. போன கேஸும் அப்படித்தானே முடிஞ்சுது மேடம்?"

"மேடம்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? இந்த நாட்டுல பிரதமரையே பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க."

"பிரதமர் எனக்குச் சம்பளம் தரலையே."

வந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்துப் பல நாள் ஆனவள் சிரிப்பதுபோல் இருந்தது அது. பெஞ்சில் உட்கார்ந்தாள். பெயர் பெரித். உத்தேவல்லா நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

"எனக்கு இரைப்பையைச் சின்னதாக்கற ஆபரேஷன் பண்றதா இருந்துச்சு" என்று ஆரம்பித்தாள். "சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கு. பாதம் மரத்துப் போச்சு. இப்போ கண்ணுக்கும் வந்துருச்சு, ராத்திரியில காரே ஓட்டறதில்லை. ஆபரேஷன் பண்ணினா இறங்கும்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி மூணு வாரம் வெறும் பவுடர். தண்ணியில கலக்கிக் குடிக்கணும், வேற எதுவும் தொடக்கூடாது. ஈரல்ல இருக்கற கொழுப்பு கரையணுமாம். இல்லாட்டி அது இரைப்பையை மூடிக்கிட்டு நிக்கும், கத்தி வைக்க இடம் இருக்காதாம்."

"குடிச்சீங்களா?"

"ஒரு வேளை விடலை. முன்னூறு பிள்ளைங்களுக்கு இறைச்சி உருண்டை பொரிச்சுப் போட்டேன். விரல்ல ஒட்டின குழம்பைக்கூட நக்கலை. கழுவினேன்." பெரித் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்தா வயித்துல தையல் இருக்கு. உள்ள ஒண்ணுமே பண்ணலை. கேமரா விட்டுப் பார்த்திருக்காங்க, ஈரல் அப்படியே இருக்குன்னு மூடிட்டாங்க. டாக்டர் வந்து, 'நீங்க சாப்பிட்டிருக்கீங்க. உங்க சர்க்கரை அளவு பொய் சொல்லாது'ன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்பிடலைன்னேன். யார் நம்புவா? தொழில் சமையல், உடம்பு இது. நீங்களா இருந்தா நம்புவீங்களா?"

தூரே கேலியை நிறுத்திவிட்டுச் சுவரில் போய்ச் சாய்ந்தான்.

"இன்னொரு வாய்ப்பு கொடுத்தாங்க" என்றாள் பெரித். "மறுபடியும் மூணு வாரம் பவுடர். நாளைக்குக் காலையில எடை, ஸ்கேன். இதுலயும் இறங்கலைன்னா வரிசையிலிருந்து பேரை எடுத்துடுவாங்க. இன்னிக்கு வீட்டுல ஏறி நின்னேன். முள் அசையலை." அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் சாப்பிடலைன்னு மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

தூரே தலையைச் சொறிந்தான். "திருடினதைக் கண்டுபிடிச்சிருக்கோம். திருடாததை எப்படிக் கண்டுபிடிக்கறது மேடம்?"

ஹெல்வி அவனைக் கவனிக்கவில்லை. "முதல் வாரம் எப்படி இருந்துச்சு? தலைவலி? குளிர்? எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தீங்களா?"

"இல்லைங்களே. எல்லாரும் அப்படித்தான் பயமுறுத்தினாங்க. எனக்கு ஒண்ணும் தெரியலை. சுலபமாத்தான் இருந்துச்சு."

"பசி?"

"பெருசா இல்லை."

"பவுடர் குடிக்க எப்படி இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும். சாக்லேட்."

சுவரில் சாய்ந்திருந்த தூரே நிமிர்ந்தான். "நல்லா இருக்குமா? அக்கா, என் அண்ணன் கல்யாணத்துக்குக் கோட்டு போட்டா பட்டன் சேரலைன்னு நானும் அந்தப் பவுடரைக் குடிச்சேன். சுவத்துச் சுண்ணாம்பைக் கரைச்ச மாதிரி இருக்கும். நாலாம் நாள் நாய் பிஸ்கட்டைப் பார்த்து அழுதேன். அது நல்லா இருக்குன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

பெரித் தன் கைப்பையிலிருந்து மதியத்துக்குக் கலக்கி வைத்திருந்த பாட்டிலை எடுத்து நீட்டினாள். தூரே ஒரு வாய் குடித்தான். உதட்டை நக்கினான். இன்னொரு வாய் குடித்தான்.

"போதும்" என்றாள் ஹெல்வி.

"மேடம், இது பத்தியமே இல்லை. இது பிறந்தநாள் விழா."

பெரித்திடம் சர்க்கரை பார்க்கும் மீட்டர் எப்போதும் இருக்கும். விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டாள். பிறகு பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் குடித்தாள். காத்திருந்த நேரத்தில் தூரே அந்தக் கல்யாணத்தில் பட்டன் தெறித்து மணப்பெண்ணின் மாமா கோப்பையில் விழுந்த கதையை முழுவதும் சொல்லி முடித்தான். மறுபடியும் விரலைக் குத்தினாள். மீட்டரில் வந்த எண்ணை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அது முந்தைய எண்ணைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"டாக்டர் சொன்னது சரி" என்றாள் ஹெல்வி. "சர்க்கரை பொய் சொல்லலை. நீங்களும் சொல்லலை. உங்க பவுடர்தான் சொல்லுது. அதோட யாரோ பால் தூளும் சர்க்கரையும் சாக்லேட்டும் கலந்து வெச்சிருக்காங்க."

பெரித்தின் முகம் முதலில் மலர்ந்தது. இத்தனை நாளில் அவளை ஒருவர் நம்புகிறார். அடுத்த நொடியே அந்த முகம் மாறியது. நம்புகிறவர் சொன்னதில் இன்னொன்றும் இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பவுடர் டப்பா என் சமையலறையில இருக்கு" என்றாள் மெதுவாக.

"பாக்கெட் சீல் வெச்சு வருமே?"

"வாங்கிட்டு வந்த அன்னிக்கே எல்லாத்தையும் பிரிச்சு டப்பாவுல கொட்டிட்டேன். அட்டையைத் தனியா, பிளாஸ்டிக்கைத் தனியா குப்பை அறையில போட்டாச்சு. எல்லாரும் செய்யறதுதானே."

"சமையலறைக்கு யார் யார் வருவாங்க?"

"என் வீட்டுக்காரர் ராக்னார். அப்புறம் ஈவோன். மேல்மாடி. ஆனா அவளை ஏன் சேர்க்கணும்? பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒண்ணா இருக்கோம், அவளும் என்னை மாதிரியே. நான் பவுடர் குடிக்கறேன்னு அவளும் சர்க்கரையை விட்டுட்டா. ஆஸ்பத்திரியில மயக்கம் தெளியறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தது அவதான்." பெரித் நிறுத்தினாள். "ராக்னார் எங்கேயோ படிச்சிருக்கார். ஆபரேஷன் பண்ணி இளைச்ச பொம்பளைங்க புருஷனை விட்டுட்டுப் போயிடறாங்களாம். ரெண்டு மாசமா சாப்பாட்டு மேசையில இதே பேச்சு."

ஹெல்வி கையை உயர்த்துவதற்குள் பெரித் போனை எடுத்துவிட்டாள்.

"ராக்னார்? என் டப்பாவுல கலந்தது நீதானே?… நடிக்காதே. என்ன கலந்தேன்னு என்னையே கேக்கறியா? நான் குருடியானாலும் பரவாயில்லை, உன் பக்கத்துலயே கிடக்கணும், அதானே?… பேசாதே. நான் ஈவோன் வீட்டுக்குப் போறேன். நீ வீட்டைவிட்டுப் போற வரைக்கும் கீழ வரமாட்டேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். "அங்க வாங்க" என்றாள். அவள் கதவைச் சாத்தியதும் தூரே பெருமூச்சு விட்டான்.

"கேஸ் முடிஞ்சுது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

"அப்படியா?" என்றாள் ஹெல்வி, கோட்டை மாட்டிக்கொண்டே.

*

அவர்கள் அந்தக் குடியிருப்பை அடைந்தபோது ராக்னார் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். பேருந்து ஓட்டுநர் சீருடை. ஒரு தோளில் துணிப்பை, ஒரு கையில் நிரம்பி வழியும் குப்பைப் பை. ஹெல்வி தான் யார் என்று சொன்னாள்.

"பதில் சொல்லக்கூட விடலை" என்றார் அவர். கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "பயந்தேன், இல்லைன்னு சொல்லமாட்டேன். இளைச்சா விட்டுட்டுப் போயிடுவான்னு நினைச்சேன். இப்போ இளைக்காமலே என்னைப் போகச் சொல்லிட்டா. தம்பி வீட்டுக்குப் போறேன்."

"ஓடறவர் குப்பையைக் கொட்டிட்டா ஓடுவார்?" என்று தூரே ஹெல்வியின் காதில் முணுமுணுத்தான்.

"நாறுமில்ல" என்றார் ராக்னார், காது கூர்மை.

குப்பை அறை தரைத்தளத்தில் இருந்தது. சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள்: காகிதம், அட்டை, பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி, உணவுக் கழிவு. ராக்னார் முதல் தொட்டியின் மூடியைத் தூக்கி, கையிலிருந்த பை மொத்தத்தையும் அதில் கவிழ்த்தார். முட்டை ஓடு, காப்பித் தூள், பழைய சாக்ஸ், எல்லாம் செய்தித்தாள்களின் மேல் விழுந்தன. அந்தத் தொட்டிக்கு நேர் மேலே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அழகான கையெழுத்து.

*வாழைப்பழத் தோல் செய்தித்தாள் அல்ல! யார் என்று எல்லோருக்கும் தெரியும்! — ஈவோன், குப்பை அறைப் பொறுப்பாளர்.*

"அது நான்தான்" என்றார் ராக்னார். "பதினோரு அறிவிப்பு ஒட்டியிருக்கா. எட்டு எனக்கு." துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"நாளைக்குத்தான் லாரி வரும்போல, தொட்டியெல்லாம் நிறைஞ்சிருக்கு" என்றாள் ஹெல்வி. "கையுறையைப் போடு."

"என் அம்மா என்னை வக்கீலாக்க ஆசைப்பட்டாங்க" என்றபடியே தூரே பிளாஸ்டிக் தொட்டிக்குள் தலையை விட்டான்.

கொஞ்ச நேரத்தில் தரையில் ஒரு சின்னக் கண்காட்சி சேர்ந்தது. பால் தூள் பைகளின் உள்ளுறைகள், பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து. அவை கழுவி, காயவைத்து, நாலாக மடித்திருந்தன. அந்தப் பைகளின் வெளிக் காகிதம், காகிதத் தொட்டியிலிருந்து. சாக்லேட் பானத் தூள் வரும் உருளை டப்பாக்களின் அட்டை, அட்டைத் தொட்டியில் தட்டையாக. அந்த டப்பாக்களின் அடியில் இருக்கும் வட்டத் தகடுகள், உலோகத் தொட்டியில். கத்தரித்து எடுத்தவை. தூரே ஒரு தகட்டை வெளிச்சத்தில் பிடித்தான். வெட்டிய கூர் விளிம்பைச் சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது.

"மேடம், இது என்ன கூத்து? ஒரு பொம்பளையோட கண்ணைக் கெடுக்கறாங்க, ஆனா குப்பை லாரிக்காரர் கை கிழிஞ்சுடக் கூடாதுன்னு டேப் ஒட்டறாங்க!"

"இந்த ஊர்ல குற்றம் பண்ணலாம் தூரே. குப்பையைக் கலந்து போடறதுக்குத்தான் மனசு வராது."

"அப்போ ராக்னார்…"

"சாக்ஸை எங்க போட்டார்னு பார்த்தியே."

தூரே செய்தித்தாள் தொட்டியை எட்டிப் பார்த்தான். "சோம்பேறித்தனம்தான் அவருக்கு வக்கீல்" என்றான். பிறகு சிரிப்பு நின்றது. "இங்க முப்பது வீடு இருக்கு. எல்லாரும்தான் கழுவிப் போடுவாங்க."

ஹெல்வி உலோகத் தொட்டிக்கு மேலிருந்த அறிவிப்பைக் காட்டினாள். *அட்டை டப்பாவின் அடித்தகட்டை வெட்டி எடுத்து, ஓரத்தில் டேப் ஒட்டிப் போடவும்.* தொட்டிக்குள் வெட்டாத டப்பாக்கள் குவிந்து கிடந்தன.

"சொல்றவங்க ஒருத்தர்" என்றாள். "கேட்டு நடக்கறவங்க எத்தனை பேர்னு மேல போய்க் கேப்போம்."

*

ஈவோனின் வீட்டில் காப்பி தயாராக இருந்தது. அவளும் பெரித்தைப்போலவே பருமன். நடையில் மூச்சு வாங்கியது. பெரித் சோபாவில் அழுத கண்களோடு தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த சோபா இரண்டு பேருக்கானது. இரண்டு பக்கமும் நன்றாக அமுங்கிப் போயிருந்தது.

"உக்காருங்க, உக்காருங்க" என்றாள் ஈவோன். "அந்த மனுஷன் ஒத்துக்கிட்டானா? நான் அப்பவே சொன்னேன் இவகிட்ட. குப்பையையே பிரிக்கத் தெரியாதவனுக்குப் பொண்டாட்டி அருமை தெரியுமா?"

"குப்பை அறையைப் பார்த்தோம்" என்றாள் ஹெல்வி. "ரொம்ப ஒழுங்கா வெச்சிருக்கீங்க."

ஈவோன் முகம் விரிந்தது. "ஒழுங்கா வெக்க விட்டாத்தானே? எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் ஒரு ஜென்மமும் படிக்கறதில்லை."

"அந்த டப்பா அடித்தகடு விஷயம் நல்ல யோசனை. நிறைய பேர் செய்யறாங்களா?"

"யாரு? இந்தக் கட்டடத்துலயா?" ஈவோன் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "நான் ஒருத்திதான். ஏழு வருஷமா நான் ஒருத்திதான் வெட்டறேன், நான் ஒருத்திதான் டேப் ஒட்டறேன். வேற யாராவது செஞ்சா நான் காலைத் தொட்டுக் கும்பிடறேன்."

ஹெல்வி தூரேயைப் பார்த்தாள். தூரே கோட்டுப் பையில் கையை விட்டு, வட்டத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே வைத்தான். நாலு. ஐந்து. ஆறு.

"சாக்லேட் டப்பா" என்றாள் ஹெல்வி. "சர்க்கரையை விட்டுட்டதா பெரித் சொன்னாங்க. இத்தனையும் யார் குடிச்சது ஈவோன்?"

ஈவோன் தகடுகளையே பார்த்தாள். முதலில் புரிந்துகொண்டது பெரித். தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"உன் வீட்டுக்குப் பேரன் பேத்தி வந்தாங்களாடி?" என்று கேட்டாள். குரலில் கெஞ்சல் இருந்தது. "வந்தாங்கன்னு சொல்லு."

"பெரித்…"

"சொல்லுடி."

ஈவோன் சோபாவின் மறுபக்கப் பள்ளத்தில் உட்கார்ந்தாள். பழக்கம் அப்படி. பெரித் எழுந்துவிட்டாள்.

"என் இதயம் மயக்க மருந்து தாங்காதுன்னு எனக்கு ஆபரேஷன் இல்லைன்னுட்டாங்க" என்றாள் ஈவோன், தரையைப் பார்த்து. "அன்னிக்கு இதே இடத்துல நீ என்ன சொன்னே? 'விடுடி, நாம ரெண்டு பேரும் இப்படியே இருந்துட்டுப் போவோம்'னே. அடுத்த வருஷம் என்கிட்ட சொல்லாம நீ மட்டும் பேர் கொடுத்துட்டு வந்தே. நீச்சல் குளத்துல நம்மளைப் பார்த்து யாராவது சிரிச்சா நாம ரெண்டு பேர். நாளைக்கு நான் ஒருத்தி. நீ இளைச்சு, புதுச் சட்டை போட்டுக்கிட்டு, புது ஆளுங்களோட… என்னை எதுக்குடி பார்ப்பே?"

"என் கண்ணு போயிட்டிருக்கு ஈவோன்."

"நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்னு நினைச்சேன்."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் கேட்க முடியாததாக இருந்தது. தூரே சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"டாக்டர் என்னைப் பொய்க்காரின்னப்ப நீ பக்கத்துல உக்காந்திருந்தே" என்றாள் பெரித். ஒவ்வொரு சொல்லும் நிதானமாக வந்தது. "என்ன சொன்னே அவர்கிட்ட? 'பாவம் டாக்டர், நாக்கு கேக்கலை, திட்டாதீங்க'ன்னே. எனக்காகப் பேசறேன்னு நினைச்சேன். வெளிய வந்து உனக்கு நன்றி சொன்னேன்டி நான். கட்டிப்பிடிச்சு நன்றி சொன்னேன்."

ஈவோன் அழுதாள். பெரித் அழவில்லை. ராக்னாருக்காகவும் டாக்டருக்காகவும் அவளிடம் இருந்த கண்ணீர் எல்லாம் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. இதற்கு என்று எதுவும் மிச்சமில்லை.

"நாளைக்குக் காலையில நீ வர்றே" என்றாள். "அதே டாக்டர் முன்னாடி, அதே நாற்காலியில உக்காந்து சொல்றே."

*

சொன்னாள். ஈவோன் முதல் தடவை சொன்னது டாக்டருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஹெல்வி தகடுகளையும் டப்பாவில் மிச்சமிருந்த தூளையும் மேசையில் வைத்தாள்.

டாக்டர் இளைஞர். காது வரை சிவந்துபோனார். "நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு பத்து தடவை கேட்டேன்" என்றார் பெரித்திடம். "என்ன குடிச்சீங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கலை. மன்னிக்கணும்." எடை பார்க்கவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை. சீல் பிரிக்காத பாக்கெட்டுகளை ஆஸ்பத்திரியே தரும், மூன்று வாரம் கழித்து ஆபரேஷன், பெயர் வரிசையில் அப்படியே இருக்கும் என்றார்.

"சுண்ணாம்பு மாதிரி இருந்தாத்தான் குடிங்க அக்கா" என்றான் தூரே. "நல்லா இருந்துச்சுன்னா உடனே எங்களுக்குப் போன் பண்ணுங்க."

பெரித் அவன் தோளைத் தட்டினாள். சிரிக்க முயன்றாள்.

வெளியே முகப்பில் தாதி கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஆபரேஷன் முடிஞ்சதும் தகவல் சொல்ல ஈவோன்னு ஒருத்தங்க பேர் இருக்கு. அப்படியே இருக்கட்டுமா?"

இரண்டடி தள்ளி, கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஈவோன் தலையை நிமிர்த்தினாள்.

"எடுத்துடுங்க" என்றாள் பெரித்.

"வேற யாரைப் போடறது?"

"ராக்னார். என் வீட்டுக்காரர்."

"அவர்கிட்ட கேட்டுட்டீங்களா?"

பெரித் கையிலிருந்த போனைப் பார்த்தாள். நேற்று மாலையிலிருந்து அவள் அவரை எத்தனை தடவை கூப்பிட்டாள் என்பது ஹெல்விக்குத் தெரியும். ஒரு தடவையும் அவர் எடுக்கவில்லை.

"நேத்து நான்தான் அவரைப் பேசவே விடலை" என்றாள். "இன்னிக்கு அவர் பேச மாட்டேங்கறார். நீங்க எழுதுங்க. வேற பேர் என்கிட்ட இல்லை."

தாதி எழுதினாள்.

வாசலில் ஈவோனின் கார் நின்றிருந்தது. அதில்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். ஈவோன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பெரித் அவளைத் தாண்டி, மரத்துப்போன பாதங்களைப் பார்த்துப் பார்த்து வைத்து, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். போன் காதில் இருந்தது. ஹெல்வியும் தூரேயும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனார்கள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருப்பது அவர்களுக்கும் கேட்டது. அது நின்றதும் பெரித் மறுபடியும் அழுத்தினாள்.